பயாஸ் அமைவுநிரல்

பயாஸ் அமைவுநிரல் என்பது ஐபிஎம் ஒத்தியல்புக் கணினிகளின் தாய்ப்பலகையில் பதிக்கப்பட்டுள்ள பயாஸ் என்னும் நிலைப்பொருளுடன் சேர்ந்து வரும் ஒரு சிறு நிரல் ஆகும். கணினியின் நாள், நேரம், இணைக்கப்பட்டுள்ள வட்டுகளின் வகை, எந்த வட்டிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்க வேண்டும் என்னும் வரிசை, தாய்ப்பலகையில் உள்ளமைந்த துறைகளின் நிலை, கடவுச்சொல் முதலியவற்றைப் பயனர் இதன் மூலம் தீர்மானிக்கலாம். இயங்குதளம் நினைவகத்தில் ஏற்றப்படும் முன்னரே இது இயங்குவதால், வன்தட்டு பழுதடைந்த கணினியிலும், இயங்குதளம் எதுவும் நிறுவப்படாத கணினியிலும் இதனைத் திறக்க முடியும்.

1980களின் பிற்பகுதி முதல் 2010 வரை விற்பனையான பெரும்பாலான மேசைக்கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் இவ்வகை அமைவுநிரல் காணப்பட்டது. பின்னர் வந்த கணினிகளில் யூஇஎஃப்ஐ என்னும் நிலைப்பொருள் பயாஸின் இடத்தைப் பிடித்தது. இக்கட்டுரை, 1990களின் நடுப்பகுதி முதல் 2000களின் இறுதி வரையிலான கணினிகளில் பரவலாக இருந்த அவார்ட் பயாஸின் பட்டியல் முறையைத் தழுவி விளக்குகின்றது. ஏஎம்ஐ, ஃபீனிக்ஸ் ஆகிய பயாஸ்களில் பட்டியல்களின் பெயரும் வரிசையும் மாறுபட்டாலும் அடிப்படைத் தெரிவுகள் ஏறத்தாழ ஒன்றே.

வரலாறு

பயாஸ் என்பது "அடிப்படை உள்ளீடு வெளியீட்டு முறைமை" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் ஆகும். இச்சொல்லை முதலில் பயன்படுத்தியவர் சிபி/எம் இயங்குதளத்தை 1970களில் உருவாக்கிய கேரி கில்டால் ஆவார். 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியான ஐபிஎம் தனிமேசைக் கணினியில் பயாஸ், படிக்க மட்டுமேயான நினைவகச் சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. அக்கணினியில் அமைவுநிரல் எதுவும் இல்லை. நினைவகத்தின் அளவு, நெகிழ்வட்டு இயக்கிகளின் எண்ணிக்கை, திரையின் வகை ஆகியவை தாய்ப்பலகையில் இருந்த சிறு ஆளிகளை மேலும் கீழும் தள்ளிக் குறிப்பிடப்பட்டன.

1984 இல் வெளியான ஐபிஎம் ஏடி கணினியில் மோட்டோரோலா நிறுவனத்தின் 146818 என்னும் நிகழ்நேரக் கடிகாரச் சில்லு இடம்பெற்றது. மின்கலத்தின் துணையுடன் இயங்கிய இச்சில்லில் 64 பைட்டுகள் கொண்ட சிறு நினைவகம் இருந்தது. ஆளிகளுக்குப் பதிலாகக் கணினியின் அமைப்பு விவரங்கள் இந்நினைவகத்தில் எழுதப்பட்டன. ஆயினும் இவ்விவரங்களை மாற்றும் நிரல் ஒரு நெகிழ்வட்டில் தனியாகவே வழங்கப்பட்டது. வட்டு தொலைந்தால் அமைப்பை மாற்ற இயலாது. பிற்காலத்தில் ஒத்தியல்புக் கணினிகளுக்கான பயாஸ்களை எழுதிய ஃபீனிக்ஸ், அவார்ட், ஏஎம்ஐ ஆகிய நிறுவனங்கள் அமைவுநிரலையும் பயாஸ் சில்லிலேயே சேர்த்துக் கொடுத்ததால் இக்குறை நீங்கியது. 1998 இல் ஃபீனிக்ஸ், அவார்ட் ஆகிய இரு நிறுவனங்களும் ஒன்றிணைந்தன.

மதிப்புகள் சேமிக்கப்படும் இடம்

பயாஸ், சிமாஸ் ஆகிய இரு சொற்களும் பேச்சுவழக்கில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தப்படினும் அவை இரண்டும் வெவ்வேறானவை. பயாஸ் என்பது நிரல். அது மின்சாரம் இல்லாவிடினும் அழியாத சில்லில் உள்ளது. சிமாஸ் என்பது பயனர் தேர்ந்தெடுத்த மதிப்புகள் எழுதப்படும் சிறு நினைவகம். அது மின்கலம் உள்ளவரை மட்டுமே தன் உள்ளடக்கத்தைத் தக்கவைக்கும். உண்மையில் சிமாஸ் என்பது அந்நினைவகச் சில்லு உருவாக்கப்பட்ட குறைகடத்தித் தொழினுட்பத்தின் பெயராகும்.

ஐபிஎம் ஏடி கணினியின் 64 பைட்டுகளில் முதல் 14 பைட்டுகள் கடிகாரத்திற்கும் அதன் கட்டுப்பாட்டிற்கும், எஞ்சிய 50 பைட்டுகள் அமைப்பு விவரங்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. பின்வந்த தாய்ப்பலகைகளில் இது 128 பைட்டுகளாகவும் அதற்கு மேலும் விரிவாக்கப்பட்டது. எழுதப்பட்ட மதிப்புகளின் கூட்டுத்தொகையும் இதே நினைவகத்தில் சேமிக்கப்படும். கணினி தொடங்கும்போது பயாஸ் மீண்டும் கூட்டிப் பார்க்கும்; இரண்டும் பொருந்தாவிட்டால் மதிப்புகள் கெட்டுவிட்டன எனக் கொண்டு இயல்பிருப்பு மதிப்புகளை ஏற்றும்.

அமைவுநிரலுக்குள் நுழைதல்

கணினிக்கு மின்சாரம் கிடைத்ததும் பயாஸ் முதலில் தற்சோதனை நடத்துகின்றது. திரை அட்டை, நினைவகம், விசைப்பலகை, வட்டுகள் என ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படும் அந்தச் சில நொடிகளுக்குள் குறிப்பிட்ட விசையை அழுத்த வேண்டும். எந்த விசை என்பது பெரும்பாலும் திரையின் அடிப்பகுதியில் காட்டப்படும். வழக்கிலிருந்த சில விசைகள் வருமாறு:

* அவார்ட், ஏஎம்ஐ பயாஸ் கொண்ட பெரும்பாலான தாய்ப்பலகைகள்: டெலீட்
* ஃபீனிக்ஸ் பயாஸ், டெல் கணினிகள்: எஃப்2
* காம்பேக் கணினிகள்: எஃப்10
* ஐபிஎம் திங்பேட் மடிக்கணினிகள்: எஃப்1

நிறுவனத்தின் சின்னம் திரையை மறைத்திருந்தால் டேப் அல்லது எஸ்கேப் விசை சோதனை விவரங்களைக் காட்டக்கூடும். யூஎஸ்பி விசைப்பலகையைப் பயாஸ் அறியாத பழைய கணினிகளில், வட்டமான பிஎஸ்/2 இணைப்பி கொண்ட விசைப்பலகையைக் கொண்டே உள்நுழைய இயலும்.

அமைவுநிரலில் சுட்டி பொதுவாக இயங்காது. அம்புக்குறி விசைகளால் நகர்ந்து, என்டர் விசையால் ஒரு பட்டியலைத் திறந்து, பேஜ்அப், பேஜ்டவுன் விசைகளால் (சிலவற்றில் கூட்டல், கழித்தல் விசைகளால்) மதிப்பை மாற்ற வேண்டும். எஸ்கேப் விசை முந்தைய பட்டியலுக்குத் திருப்பி அனுப்பும்.

மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

அமைவுநிரலில் செய்யப்படும் மாற்றங்கள், சேமிக்கும்படி கட்டளையிடும் வரை நடைமுறைக்கு வருவதில்லை. எனவே திறந்து பார்ப்பதனால் மட்டும் தீங்கு ஏதும் நேராது. ஐயம் ஏற்பட்டால் சேமிக்காமல் வெளியேறுவதே பாதுகாப்பானது.

மாற்றத் தொடங்கும் முன் ஒவ்வொரு பட்டியலிலும் உள்ள மதிப்புகளைத் தாளில் எழுதி வைப்பதோ ஒளிப்படம் எடுத்து வைப்பதோ நன்று. ஒரு முறைக்கு ஒரு தெரிவை மட்டும் மாற்றி, கணினியைத் தொடங்கிப் பார்த்த பிறகே அடுத்ததை மாற்ற வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றிவிட்டால், கணினி இயங்க மறுக்கும்போது எது காரணம் என்று கண்டறிவது கடினம்.

அடிப்படை அமைவு

அவார்ட் பயாஸின் முதன்மைப் பட்டியலில் முதலாவதாக இருப்பது "ஸ்டாண்டர்ட் சிமாஸ் செட்டப்" என்பதாகும். இதில் பின்வரும் தெரிவுகள் உள்ளன.

நாளும் நேரமும்

நேரம் 24 மணி முறையில் குறிப்பிடப்படும். பிற்பகல் 3 மணி என்பது 15 ஆகும். நாள் பகுதியில் மாதம் முதலிலும் நாள் அடுத்தும் வருவதைக் கவனிக்க வேண்டும்.

கணினியின் நாள் தவறாக இருப்பது கோப்புகளின் தேதியை மட்டும் பாதிப்பதில்லை. பாதுகாப்பான இணையத்தளங்கள் தம் அடையாளத்தை மெய்ப்பிக்கத் தரும் எண்ணிமச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாட்காட்டி 2002 என்று காட்டினால், சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை என்று கருதி உலாவி அத்தளத்தைத் திறக்க மறுக்கும். இணைய இணைப்பு பழுது என்று கருதப்படும் சில சிக்கல்களுக்கு உண்மைக் காரணம் தீர்ந்துபோன மின்கலமே.

விண்டோஸ் இயங்குதளம் இக்கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாகவும், லினக்ஸ் பொதுவாக ஒருங்கிணைந்த உலக நேரம் இருப்பதாகவும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டும் ஒரே கணினியில் நிறுவப்பட்டிருந்தால், இந்திய நேரப்படி 5 மணி 30 நிமிட வேறுபாடு தோன்றும். இது கடிகாரத்தின் பழுது அன்று. உள்ளூர் நேரத்தையே பயன்படுத்தும்படி லினக்ஸில் அமைப்பதன் மூலம் இதனைச் சரிசெய்யலாம்.

நெகிழ்வட்டு இயக்கி

3.5 அங்குல இயக்கிக்கு 1.44 மெகாபைட்டு என்னும் மதிப்பும், 5.25 அங்குல உயரடர்த்தி இயக்கிக்கு 1.2 மெகாபைட்டு என்னும் மதிப்பும் உரியவை. இயக்கி கழற்றப்பட்டிருந்தால் "நன்" எனக் குறிப்பிட வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு முறையும் நெகிழ்வட்டுப் பிழை எனக் காட்டிக் கணினி நிற்கக்கூடும்.

பிழையில் நிறுத்தம்

"ஹால்ட் ஆன்" என்னும் தெரிவு, தற்சோதனையில் பிழை கண்டால் கணினி நிற்க வேண்டுமா தொடர வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கின்றது. விசைப்பலகை இல்லாமல் இயங்கும் வழங்கிக் கணினிக்கு "விசைப்பலகை தவிர மற்ற அனைத்தும்" என்னும் மதிப்பு பொருந்தும். விசைப்பலகை இல்லை என அறிவித்துவிட்டு, தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்துமாறு அதே கணினி கேட்கும் புகழ்பெற்ற முரண், இத்தெரிவு மாற்றப்படாததால் விளைவதாகும்.

வன்தட்டு அமைவு

1990களின் தொடக்கம் வரை வன்தட்டின் உருளைகள், தலைகள், துண்டுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பயனரே உள்ளிட வேண்டியிருந்தது. இவை வன்தட்டின் மேலுள்ள ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். பின்னர் தானாகக் கண்டறியும் வசதி வந்தது. இன்று பழைய கணினி ஒன்றை அமைப்பவர் வகை, முறை ஆகிய இரண்டையும் "ஆட்டோ" என்று விடுவதே பெரும்பாலும் போதுமானது.

முறை என்னும் தெரிவில் "நார்மல்", "லார்ஜ்", "எல்பிஏ" ஆகிய மதிப்புகள் உண்டு. நார்மல் முறையில் வட்டின் இடம் உருளை, தலை, துண்டு என்னும் மூன்று எண்களால் நேரடியாகக் குறிப்பிடப்படும். எல்பிஏ முறையில் எல்லாத் துண்டுகளும் 0 முதல் தொடர்ச்சியாக எண்ணிடப்படும்.

தரவுகள் உள்ள வன்தட்டின் முறையை மாற்றுவது ஆபத்தானது. ஒரு முறையில் பிரிக்கப்பட்டு வடிவமைக்கப்பட்ட வட்டை வேறொரு முறையில் படித்தால், இயங்குதளம் கோப்புகளைத் தவறான இடத்தில் தேடும். வட்டு வெறுமையாக இருப்பது போலவோ கெட்டுவிட்டது போலவோ தோன்றும். மதிப்பை மாற்றியதனால் மட்டும் தரவுகள் அழிவதில்லை. பழைய மதிப்பை மீட்டால் அவை மீண்டும் தெரியும். ஆனால், தவறான முறையில் இருக்கும்போது வட்டைப் பழுதுபார்க்கும் நிரலை இயக்கினாலோ கோப்புகளை எழுதினாலோ மீட்க இயலாத இழப்பு நேரலாம். எனவே வேறு கணினியிலிருந்து கொண்டுவந்த வன்தட்டு படிக்கப்படாவிட்டால், வடிவமைக்கும் முன் அக்கணினியில் இருந்த முறையைச் சரிபார்க்க வேண்டும்.

கொள்ளளவு எல்லைகள்

பழைய பயாஸ்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வன்தட்டுகளை முழுமையாக அறிவதில்லை.

* 528 மெகாபைட்டு: 1024 உருளைகள், 16 தலைகள், 63 துண்டுகள், துண்டுக்கு 512 பைட்டுகள் ஆகியவற்றின் பெருக்கல் தொகை. எல்பிஏ வசதி இல்லாத பயாஸ்களின் எல்லை இதுவே.
* 8.4 கிகாபைட்டு: முகவரியை மாற்றித் தரும் பயாஸ்களில் தலைகளின் எண்ணிக்கை 256 வரை உயர்ந்ததால் ஏற்பட்ட எல்லை.
* 33.8 கிகாபைட்டு: 1990களின் இறுதியில் வந்த சில அவார்ட் பயாஸ்களின் எல்லை. இதற்கு மேற்பட்ட வட்டை இணைத்தால் சில கணினிகள் தற்சோதனையிலேயே உறைந்துவிடும். வன்தட்டு நிறுவனங்கள் தம் வட்டுகளைச் சிறியதாகக் காட்டும் ஜம்பர் ஒன்றை இதற்காகவே அமைத்தன.
* 137 கிகாபைட்டு: துண்டின் எண்ணைக் குறிக்க 28 பிட்டுகள் மட்டும் இருந்ததால் ஏற்பட்ட எல்லை. 48 பிட்டு முகவரி வந்தபின் இது நீங்கியது.

சாட்டா வன்தட்டின் முறை

2000களின் பிற்பகுதியில் வந்த தாய்ப்பலகைகளில் சாட்டா வன்தட்டுக்கு "ஐடிஇ", "ஏஎச்சிஐ" என இரு முறைகள் இருந்தன. விண்டோஸ் எக்ஸ்பி நிறுவல் வட்டில் ஏஎச்சிஐக்கு உரிய இயக்கி நிரல் இல்லை. இதனால் ஏஎச்சிஐ முறையில் எக்ஸ்பி நிறுவ முயன்றால் வன்தட்டு இல்லை என்ற செய்தியோ நீலத்திரையோ தோன்றும். ஐடிஇ முறைக்கு மாற்றினால் நிறுவலாம். ஏற்கெனவே நிறுவப்பட்ட விண்டோஸ் உள்ள கணினியில் இத்தெரிவை மாற்றினாலும் இதே நீலத்திரை வரக்கூடும். பழைய மதிப்புக்குத் திரும்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தொடக்க வரிசை

தற்சோதனை முடிந்ததும் பயாஸ் ஒரு வட்டின் முதல் துண்டிலுள்ள 512 பைட்டுகளை நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கின்றது. எந்த வட்டை முதலில் பார்ப்பது என்பதே தொடக்க வரிசை. பழைய அவார்ட் பயாஸ்களில் இது "ஏ, சி" என்றும் "சி, ஏ" என்றும் ஒரே வரியிலும், பிந்தையவற்றில் முதல், இரண்டாம், மூன்றாம் தொடக்கச் சாதனம் எனத் தனித்தனியாகவும் இருக்கும்.

குறுவட்டிலிருந்து கணினியைத் தொடங்குவதற்கான எல் டொரிட்டோ என்னும் வரையறையை ஃபீனிக்ஸ், ஐபிஎம் ஆகிய நிறுவனங்கள் 1995 இல் வெளியிட்டன. அதற்கு முந்தைய பயாஸ்களில் குறுவட்டுத் தெரிவு இராது; இயங்குதளத்தை நிறுவத் தொடக்க நெகிழ்வட்டு தேவை. அதுபோலவே யூஎஸ்பி விரலியிலிருந்து தொடங்கும் வசதி 2000களின் தொடக்கத்து பயாஸ்கள் பலவற்றில் இல்லை.

இயங்குதளத்தை நிறுவும்போது குறுவட்டை முதலாவதாக வைத்து, நிறுவல் முடிந்தபின் வன்தட்டை முதலாவதாக மாற்றுவது நல்ல நடைமுறை. இதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. மைக்கலாஞ்சலோ போன்ற தொடக்கத் துண்டு நச்சுநிரல்கள், இயக்கியில் மறந்துவிடப்பட்ட நெகிழ்வட்டிலிருந்து கணினி தொடங்க முற்படும்போதே வன்தட்டுக்குத் தொற்றின. அவ்வட்டு தொடக்க வட்டாக இல்லாவிடினும் தொற்று நிகழும். வன்தட்டு முதலாவதாக இருந்தால் இவ்வழி அடைபடும்.

பிற பயாஸ் வசதிகள்

* நச்சுநிரல் எச்சரிக்கை: வன்தட்டின் தொடக்கத் துண்டில் எழுத முயலும் நிரல்களைத் தடுத்துப் பயனருக்கு அறிவிக்கும். இயங்குதளத்தை நிறுவும்போது இத்துண்டில் எழுதுவது இயல்பு என்பதால், அப்போது இதனை முடக்கிவைக்க வேண்டும். இது நச்சுநிரல் நீக்கிக்கு மாற்று ஆகாது.
* கேஷ் நினைவகம்: அகக் கேஷ், புறக் கேஷ் ஆகிய இரண்டும் இயக்கத்தில் இருக்க வேண்டும். முடக்கினால் கணினி மிக மெதுவாக இயங்கும்.
* விரைவுத் தற்சோதனை: நினைவகத்தை ஒரு முறை மட்டும் சோதித்துத் தொடக்க நேரத்தைக் குறைக்கும். புதிய நினைவகப் பலகை பொருத்தியபின் இதனை முடக்கி முழுச் சோதனை நடத்தலாம்.
* எண்பூட்டு: விசைப்பலகையின் வலப்பக்க எண் விசைகள் தொடக்கத்தில் எண்களாக இயங்குமா அம்புகளாக இயங்குமா என்பதைக் குறிக்கும்.
* 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்திற்கான இயங்குதளத் தெரிவு: ஓஎஸ்/2 பயன்படுத்துவோருக்கு மட்டும் உரியது. மற்றையோர் "ஓஎஸ்/2 அன்று" என்னும் மதிப்பை வைக்க வேண்டும்.

உள்ளமைந்த துறைகள்

"இன்டக்ரேட்டட் பெரிஃபெரல்ஸ்" பட்டியலில் தாய்ப்பலகையில் உள்ள ஒலி, வலையமைப்பு, யூஎஸ்பி, தொடர்நிலை, இணைநிலைத் துறைகளை இயக்கலாம் அல்லது முடக்கலாம். தனி ஒலி அட்டை பொருத்தியவர்கள் உள்ளமைந்த ஒலியை முடக்குவது வழக்கம்.

தொடர்நிலைத் துறைகள் இரண்டும் பொதுவாகக் குறுக்கீடு 4, 3 ஆகியவற்றையும், அச்சுப்பொறிக்கான இணைநிலைத் துறை குறுக்கீடு 7 ஐயும் பயன்படுத்தும். ஒரே குறுக்கீட்டை இரு பழைய அட்டைகளுக்கு ஒதுக்கினால் இரண்டும் ஒழுங்காக இயங்கா. இணைநிலைத் துறைக்கு எஸ்பிபி, இபிபி, இசிபி என மூன்று முறைகள் உண்டு. இவற்றில் எஸ்பிபி மிகப் பழையதும் மெதுவானதும் ஆகும். பின்னைய இரண்டும் இருவழித் தரவுப் பரிமாற்றத்தை விரைவாகச் செய்பவை. அச்சுப்பொறியின் கையேடு கூறும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யூஎஸ்பி விசைப்பலகையை டாஸ் இயங்குதளத்திலும் அமைவுநிரலிலும் பயன்படுத்த "யூஎஸ்பி கீபோர்ட் சப்போர்ட்" என்னும் தெரிவு இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

சில்லுத்தொகுதியும் வேகமும்

"சிப்செட் ஃபீச்சர்ஸ்" பட்டியலில் நினைவகத்தின் காலத்தாழ்வு, ஏஜிபி துளை அளவு போன்றவை உள்ளன. இவற்றின் பொருள் தெரியாமல் மாற்றினால் கணினி இடையிடையே உறையலாம்; சில வேளைகளில் தொடங்காமலும் போகலாம். உள்ளமைந்த திரை வசதி கொண்ட தாய்ப்பலகையில், முதன்மை நினைவகத்திலிருந்து திரைக்கு ஒதுக்கும் அளவை இங்கு மாற்றலாம். நினைவகம் குறைவான கணினியில் இவ்வளவைக் குறைத்தால் இயங்குதளத்திற்கு அவ்வளவு மிச்சமாகும்.

சில தாய்ப்பலகைகளில் செயலியின் பாட்டை வேகமும் அமைவுநிரலிலேயே குறிக்கப்படுகின்றது. மின்கலம் தீர்ந்து மதிப்புகள் அழிந்தால் இவ்வேகம் குறைந்த அளவுக்குத் திரும்பக்கூடும். எடுத்துக்காட்டாக, அத்லான் எக்ஸ்பி 2000+ செயலி 133 மெகாஹெர்ட்சு பாட்டையில் 12.5 மடங்காக 1667 மெகாஹெர்ட்சில் இயங்குவது. பாட்டை 100 மெகாஹெர்ட்சாகக் குறைந்தால் அதே செயலி 1250 மெகாஹெர்ட்சில் இயங்கும். செயலி பழுதடைந்துவிட்டதாகக் கருதி மாற்றும் முன் இதனைச் சரிபார்க்க வேண்டும்.

மின் மேலாண்மையும் உடல்நிலையும்

மின்தடைக்குப் பின் மின்சாரம் வந்ததும் கணினி தானாக இயங்க வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா என்பதைக் குறிக்கும் தெரிவு இப்பட்டியலில் உள்ளது. வழங்கிக் கணினிகளுக்கு இயங்குமாறும், வீட்டுக் கணினிகளுக்கு அணைந்திருக்குமாறும் வைப்பது ஏற்றது. அடிக்கடி மின்சாரம் போய்வரும் இடங்களில், ஒவ்வொரு முறையும் தானாகத் தொடங்கும் கணினியின் வன்தட்டு பழுதடையும் வாய்ப்பு மிகுதி.

"பிசி ஹெல்த்" பட்டியல் செயலியின் வெப்பநிலை, விசிறியின் வேகம், மின்வழங்கியின் மின்னழுத்தங்கள் ஆகியவற்றைக் காட்டுகின்றது. ஏடிஎக்ஸ் மின்வழங்கியில் 5 விழுக்காடு ஏற்றத்தாழ்வு ஏற்கத்தக்கது. அதாவது 12 வோல்ட்டுத் தடம் 11.4 முதல் 12.6 வரையிலும், 5 வோல்ட்டுத் தடம் 4.75 முதல் 5.25 வரையிலும் இருக்கலாம். விசிறியின் வேகம் 0 எனக் காட்டினால் கணினியை அணைத்து விசிறியைப் பார்க்க வேண்டும்.

கடவுச்சொல்

அவார்ட் பயாஸில் மேற்பார்வையாளர், பயனர் என இரு கடவுச்சொற்கள் உண்டு. "செக்யூரிட்டி ஆப்ஷன்" என்னும் தெரிவில் "செட்டப்" என்று இருந்தால் அமைவுநிரலைத் திறக்கும்போதும், "சிஸ்டம்" என்று இருந்தால் கணினியைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கப்படும்.

மேசைக்கணினியில் இக்கடவுச்சொல் சிமாஸ் நினைவகத்தில் இருப்பதால், பெட்டியைத் திறக்க முடிந்தவர் அதனை அழித்துவிட முடியும். வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் கோப்புகளையும் படிக்கலாம். ஆகவே பள்ளி ஆய்வகம் போன்ற இடங்களில் அமைப்பை மாற்றாமல் தடுக்க இது உதவுமேயன்றி, தரவுகளைக் காக்கும் வழியாக இதனைக் கொள்ளக்கூடாது. மாறாக, பல மடிக்கணினிகளில் கடவுச்சொல் மின்கலத்தைச் சாராத தனிச் சில்லில் எழுதப்படுகின்றது. அங்கு அதனை மறந்தால் மின்கலத்தைக் கழற்றுவதனால் பயன் இல்லை. கடவுச்சொல் இட்டவர் அதனைப் பாதுகாப்பான இடத்தில் எழுதி வைப்பது இன்றியமையாதது.

சேமித்தலும் இயல்பிருப்புக்குத் திரும்புதலும்

"சேவ் அண்டு எக்சிட்" என்பதைத் தேர்ந்து, ஒய் விசையையும் என்டர் விசையையும் அழுத்தினால் மதிப்புகள் எழுதப்பட்டுக் கணினி மீண்டும் தொடங்கும். "எக்சிட் வித்தவுட் சேவிங்" என்பது மாற்றங்களைக் கைவிடும்.

இயல்பிருப்பு மதிப்புகள் இரு வகை. "ஃபெயில்சேஃப்" என்பது வேகம் குறைந்த, ஆனால் பெரும்பாலும் தவறாது தொடங்கும் மதிப்புகளைக் கொண்டது. "ஆப்டிமைஸ்டு" என்பது வழக்கமான பயன்பாட்டிற்கு உரியது. தவறான மதிப்பால் கணினி தொடங்காவிட்டால், சில அவார்ட் பயாஸ்களில் இன்சர்ட் விசையை அழுத்தியபடியே மின்சாரத்தை இயக்கி இயல்பிருப்புக்குத் திரும்பலாம். அதுவும் பயனளிக்காவிட்டால் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, மின்கலத்தின் அருகிலுள்ள மூன்று ஊசிகள் கொண்ட ஜம்பரை முதல் இரு ஊசிகளிலிருந்து அடுத்த இரு ஊசிகளுக்குச் சில நொடிகள் மாற்றிப் பழைய இடத்திலேயே பொருத்த வேண்டும். ஊசிகளின் பொருள் தாய்ப்பலகைக்குத் தாய்ப்பலகை மாறும். கையேட்டைப் பார்த்துச் செய்வது நன்று.

வழமையான பிழைச் செய்திகள்

* "சிமாஸ் செக்சம் எரர்": சேமித்த மதிப்புகள் கெட்டுவிட்டன. ஒருமுறை மட்டும் வந்தால் மீண்டும் அமைத்துச் சேமிக்கலாம். தொடர்ந்து வந்தால் மின்கலத்தை மாற்ற வேண்டும்.
* "சிமாஸ் பேட்டரி ஃபெயில்டு": மின்கலம் தீர்ந்துவிட்டது.
* "கீபோர்ட் எரர்": விசைப்பலகை இணைக்கப்படவில்லை, அல்லது ஏதோ ஒரு விசை அழுந்திய நிலையில் உள்ளது.
* "இன்வேலிட் சிஸ்டம் டிஸ்க்": தொடக்க வரிசையில் முதலில் உள்ள வட்டில் இயங்குதளம் இல்லை. பெரும்பாலும் இயக்கியில் நெகிழ்வட்டு விடுபட்டிருக்கும்.

திரை வேலை செய்யாத நிலையில் பயாஸ் ஒலிக்குறிப்புகளால் பிழையை அறிவிக்கின்றது. அவார்ட் பயாஸில் ஒரு குற்றொலி எல்லாம் சரி என்பதையும், ஒரு நீளொலியும் இரு குற்றொலிகளும் திரை அட்டைச் சிக்கலையும் குறிக்கும். ஏஎம்ஐ பயாஸில் ஒலிக்குறிப்புகளின் பொருள் வேறு.

மின்கலத்தை மாற்றுதல்

1990களின் பிற்பகுதி முதல் பெரும்பாலான தாய்ப்பலகைகளில் சிஆர்2032 என்னும் 3 வோல்ட்டு லித்தியம் மின்கலம் பயன்பட்டது. இதன் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். கைக்கடிகாரக் கடைகளிலும் மின்பொருள் கடைகளிலும் குறைந்த விலையில் கிடைக்கும்.

1. அமைவுநிரலின் மதிப்புகளைக் குறித்து வைத்தல்.
2. கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றுதல்.
3. பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்குதல்.
4. பிடிப்பியை மெல்லத் தள்ளிப் பழைய மின்கலத்தை எடுத்தல்.
5. எடுத்த மின்கலம் இருந்த பக்கமாகவே, பொதுவாகக் கூட்டல் குறி மேல்நோக்க, புதியதைப் பொருத்துதல்.
6. கணினியைத் தொடங்கி, நாள், நேரம் முதலிய மதிப்புகளை மீண்டும் அமைத்துச் சேமித்தல்.

கழற்றிய மின்கலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். விழுங்கப்பட்ட வில்லை மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் கடும் புண்ணை உண்டாக்கும், உயிருக்கும் ஆபத்தாகலாம். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

386, 486 செயலிகள் கொண்ட பல தாய்ப்பலகைகளில் உருளை வடிவ நிக்கல் காட்மியம் மின்கலம் பற்றவைக்கப்பட்டிருந்தது. காலப்போக்கில் இது கசிந்து தாய்ப்பலகையின் செப்புத் தடங்களை அரித்துவிடும். பழைய கணினிகளைப் பாதுகாப்போர் இதனையே முதலில் அகற்றுகின்றனர்.

பயாஸை மேம்படுத்துதல்

1990களின் நடுப்பகுதி முதல் பயாஸ், மீண்டும் எழுதத்தக்க சில்லுகளில் வந்தது. பெரிய வன்தட்டையோ புதிய செயலியையோ அறியச் செய்வதற்கு மேம்படுத்தல் உதவும். ஆனால் எழுதும் இடையில் மின்சாரம் நின்றாலோ, வேறு தாய்ப்பலகைக்கு உரிய கோப்பை எழுதினாலோ கணினி பின்னர் தொடங்காது. எனவே குறிப்பிட்ட தேவை இருந்தால் மட்டுமே மேம்படுத்த வேண்டும்.

எழுதும் வசதியே ஒரு பலவீனமாகவும் அமைந்தது. தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் 1998 இல் உருவாக்கிய சிஐஎச் நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26 அன்று உலகின் பல பகுதிகளில் வன்தட்டுத் தரவுகளை அழித்ததுடன், சில தாய்ப்பலகைகளில் பயாஸையும் அழித்தது. பயாஸ் அழிந்த கணினிகளில் சில்லையே மாற்றவோ வெளியிலிருந்து மீண்டும் எழுதவோ நேர்ந்தது. பயாஸில் எழுதுவதைத் தடுக்கும் தெரிவோ ஜம்பரோ இருந்தால் அதனை எப்போதும் தடுக்கும் நிலையில் வைத்து, மேம்படுத்தும்போது மட்டும் நீக்க வேண்டும்.

இன்றைய நிலை

இன்டெல் நிறுவனம் இட்டானியம் செயலிக்காகத் தொடங்கிய இஎஃப்ஐ என்னும் திட்டம், 2005 இல் பல நிறுவனங்கள் சேர்ந்த யூஇஎஃப்ஐ மன்றத்தின் பொறுப்பில் வந்தது. புதிய கணினிகளின் அமைவுநிரல்களில் சுட்டி, படங்கள் முதலிய வசதிகள் இருப்பினும், பழக்கத்தால் அவை இன்றும் பயாஸ் என்றே அழைக்கப்படுகின்றன. நாள், நேரம், தொடக்க வரிசை, கடவுச்சொல், உள்ளமைந்த சாதனங்கள் ஆகிய தெரிவுகள் அவற்றிலும் தொடர்கின்றன.

பழைய பயாஸ் கொண்ட கணினிகள், மாற்றுவதற்கு அரிய இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்கூடங்களிலும், பழைய மென்பொருளைப் பாதுகாப்போரிடமும், எளிய லினக்ஸ் பதிப்புகளை நிறுவிப் பயன்படுத்துவோரிடமும் இன்னும் இயங்குகின்றன. பழுதென ஒதுக்கப்பட்ட இத்தகைய கணினிகளில் சில, மின்கலத்தை மாற்றி அமைவுநிரலின் மதிப்புகளைச் சரிசெய்தாலே மீண்டும் இயங்கத் தொடங்கும்.